ஐயாவோட 1969 ஹெரால்டு: சாதாரணப் புதுப்பிப்பா, விஏ பதிவா?

தேவகோட்டை ஹெரால்டு

வணக்கம். இதுவரைக்கும் படிக்கிற ஆளாவே இருந்துட்டேன், எழுதுறது இதுதான் முதல்.

எங்க ஐயா (அப்பாவோட அப்பா) 1969ல மெட்ராஸ்ல புதுசா எடுத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி. பழைய மெட்ராஸ் ஸ்டேட் காலத்து எம்.எஸ். வரிசை நம்பர். வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல நிக்குது. ஐயா காலமாகி ரொம்ப வருஷமாச்சு. அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, வண்டி ஓட்டுற பழக்கம் இல்லாததால பேரு மாத்தவே இல்ல. ஆர்சி புக் கையில இருக்கு, கரையான் அரிக்காத அளவுக்கு நல்லாவே இருக்கு. கடைசி எஃப்சி முத்திரை 1994னு போட்டிருக்கு. வண்டிப் பதிவு விவரம் பாக்குற அரசோட பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டா அப்படி ஒரு வண்டியே இல்லங்குது.

வண்டியை உயிர்ப்பிக்கணும்னு ஆசை. ஒரு புரோக்கர்கிட்ட கேட்டேன். "விண்டேஜ்ல போட்டுரலாம், விஏ பிளேட் வரும், பழைய நம்பர் போயிரும்"னாரு. விண்டேஜ்னா 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கான தனிப் பதிவு, அதைத்தான் விஏங்கறாங்க. அந்த நம்பர் போகக் கூடாது, எங்க வீட்ல எல்லாருக்கும் அது மனப்பாடம். எந்த வழியில போகலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவை மைனர்

வாங்க வாங்க. மார்க் 3 நாலு கதவு நம்ம மெட்ராஸ்ல பொறந்த வண்டிங்க. இங்கிலாந்துல ட்ரையம்ப் பேர்ல வந்த ஹெரால்டுக்கு ரெண்டே கதவுதான். நாலு கதவு வெச்சது நம்ம பெருங்களத்தூர் பக்கத்து ஃபேக்டரிக்காரங்க. பத்திரமா வெச்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்றேனுங்க, விஏவுக்கு அவசரப்பட்டுப் போயிராதீங்க. அதுல போனா வண்டிய ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, அதுக்குப் போக வர, பெட்ரோல் போட, மெக்கானிக்கிட்ட கொண்டு போக, அப்புறம் ஏதோ தொழில்நுட்ப ஆராய்ச்சி. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட குன்றக்குடி கோயிலுக்குப் போனாலும் விதிப்படி தப்பு. எங்கிட்ட இருக்கற மோரிஸ் மைனருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா சாதாரணமா புதுப்பிச்சுட்டு, கல்யாணம் காட்சின்னு எங்க வேணாலும் எடுத்துட்டுப் போறேன்.

கிளட்ச் கேபிள்

கோவைக்காரர் சொல்றது பாதிதான் கரெக்ட். விஏல போனா பத்து வருஷத்துக்கு ஆர்டிஓ பக்கமே போக வேணாம் தலைவா. இன்னொண்ணு, 2022 ஜூன்ல இருந்து விண்டேஜா பதிவான காருக்கு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல பாதி தள்ளுபடி. நாளைக்கே "15 வருஷத்துக்கு மேல எல்லாம் ஸ்கிராப்"னு எவனாவது சட்டம் கொண்டு வந்தா விஏ வண்டிய தொட மாட்டாங்க. சாதாரணப் பதிவுல இருக்கிற வண்டிக்கு அந்த கேரண்டி கிடையாது.

மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கிற வண்டிக்கு எதுக்குங்க ஊரெல்லாம் சுத்துற உரிமை?

கோவை மைனர்

மாசம் ஒருக்கா எடுத்தாலும் என்ர இஷ்டத்துக்கு எடுக்கோணும்ல. போலீஸ் நிறுத்தி "எந்த ரேலிக்குப் போறீங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது? ஓடாத இன்ஜின்ல தண்ணி பம்பும் ரப்பர் பைப்பும்தான் மொதல்ல போகும். வண்டி ஓடத்தான் வேணும்.

ஓய்வு ஆய்வாளர்

போக்குவரத்துத் துறையில் மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணி செய்து ஓய்வு பெற்றவன். இரு தரப்பிலும் சில விவரங்கள் விடுபட்டுள்ளதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண் பற்றி. உங்கள் புரோக்கர் சொன்னது தவறு. 2021 ஜூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அவ்விதிகளே சொல்கின்றன. மாநிலக் குறியீடு, அடுத்து விஏ, பிறகு இரண்டெழுத்து, நான்கு இலக்கம் என்ற புது வரிசை, புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கே. அயல்நாட்டிலிருந்து இறக்கிய வண்டி அதற்கு உதாரணம். ஆகவே எந்த வழியில் சென்றாலும் உங்கள் எம்.எஸ். எண் உங்களிடமே இருக்கும். இதைக் காரணமாகக் காட்டி யாராவது கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, செலவு. விண்டேஜ் புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்தாண்டு செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு ரூ.5,000. சாதாரணப் புதுப்பிப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கார்களுக்கு ரூ.600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். முதல் பத்தாண்டைக் கணக்கிட்டால் இரு வழியிலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. சாதாரண வழியில் நம் மாநிலப் பசுமை வரி தனி. புதுப்பிக்கத் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் காருக்கு ரூ.500 கூடுதல் கட்டணம் என்றும் விதி இருக்கிறது. 1994 முத்திரை என்கிறீர்கள். அந்தக் கணக்கை அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து போடுகிறார்கள் என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, வேறெதற்கும் முன் செய்ய வேண்டியது: வண்டி உங்கள் பெயருக்கு வர வேண்டும். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு எந்த விண்ணப்பமும் நகராது. படிவம் 31, ஐயாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது என்பதால் தாமதத்துக்கும் கட்டணம் இருக்கும். தளத்தில் வண்டி தெரியாததற்குக் காரணம், பழைய பதிவேடு கணினியில் ஏற்றப்படவில்லை. அசல் ஆர்சியைக் காட்டிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஏற்றச் சொல்லுங்கள். பேக்லாக் என்ட்ரி என்பார்கள். அது முடியாமல் ஆன்லைனில் எந்தப் படிவமும் திறக்காது.

தேவகோட்டை ஹெரால்டு

ஐயா, ரொம்ப நன்றி. நம்பர் போகாதுன்னு படிச்சதும் ஆயாகிட்ட (பாட்டிகிட்ட) ஓடிப்போய்ச் சொல்லிட்டேன்.

வாரிசு விஷயம்தான் கொஞ்சம் பயமா இருக்கு. ஐயாவுக்கு மூணு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. ஒரு சித்தப்பா மலேசியாவுல. எல்லாரும் கையெழுத்துப் போடணுமா?

ஓய்வு ஆய்வாளர்

வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பலாம். வாரிசுகளில் எவரேனும் இறந்திருந்தால் அவர்தம் வாரிசுகளும் இதில் வருவார்கள். உங்கள் தந்தையார் பெயருக்கு முதலில் மாற்றிவிட்டு, பிறகு வழக்கமான 29, 30 படிவங்களில் உங்களுக்கு மாற்றினால் சில சமயம் எளிதாக இருக்கும்.

பத்மினி78

குறுக்கே ஒரு கேள்வி. என்கிட்ட 1978 பிரீமியர் பத்மினி இருக்கு. இதுக்கும் விஏ கிடைக்குமா?

கிளட்ச் கேபிள்

முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டணும் பாஸ். 2028 வரைக்கும் பொறுங்க. அதுவரைக்கும் அந்த எஃப்சியை மட்டும் விட்டுறாதீங்க.

டெல்லி1100

இங்க இரண்டு வழியில எது நல்லதுன்னு சண்டை போடுறதைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. நான் டெல்லில இருக்கேன். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவால 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி இங்க ரோட்டுக்கே வரக் கூடாது, டீசல்னா 10 வருஷம். 2018ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுடுச்சு. அதுக்கப்புறமும் வழக்கு மேல வழக்கா ஓடிக்கிட்டே இருக்கு. என் 1964 ஃபியட் 1100 டிலைட்டுக்கு விண்டேஜ் பதிவுதான் ஒரே கதி. ஊர்ல இருக்கிறவங்க, ஓட்டுற உரிமை இருக்கிறப்பவே ஓட்டிக்குங்க.

சிங்கை ரோவர்

சிங்கப்பூரில் இதற்குக் கணக்கே வேறு. 35 ஆண்டு கடந்த காரை கிளாசிக் திட்டத்தில் போடலாம், சிஓஇ (கார் வைத்திருக்க அரசிடம் வாங்க வேண்டிய உரிமச் சான்று) வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். 1940க்கு முன் செய்த வண்டி என்றால் 28 நாள். "எங்கே போகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை, நாளை மட்டும் எண்ணுகிறார்கள். இந்திய விதி நோக்கத்தைக் கேட்கிறது. கோயிலுக்குப் போகிறோமா ரேலிக்குப் போகிறோமா என்று நடுச்சாலையில் நிரூபிப்பதை விட, நாள் கணக்கு நேர்மையானது என்பது என் எண்ணம்.

கோவை மைனர்

அப்படிச் சொல்லுங்க! 45 நாள் குடுத்தா நானே நாளைக்கு விஏவுக்கு மாறிக்கறேன்.

தேவகோட்டை ஹெரால்டு

இன்னிக்கு ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்து ஷெட்டைத் திறந்தோம். ஹெரால்டு பானெட் மொத்தமா முன்பக்கமா சாயும்ல, அதனால எல்லாம் கண்ணுக்கு நேரா தெரிஞ்சது. ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) சேசிஸ் நம்பர் தகடு இருக்கு, நம்பர் ஆர்சியோட ஒத்துப்போகுது. பென்சில் டிரேஸ் எடுத்தாச்சு.

சிக்கல் இன்ஜின்ல. நம்பர் ஒத்துப்போகல. ஆயாகிட்ட கேட்டா, "எண்பதுகள்ல ஒரு தடவ இன்ஜின் பிடிச்சுக்கிச்சு, ஐயா மதுரைல இருந்து வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுனாக"ங்குது. மெக்கானிக் பாத்துட்டு இது ஸ்டாண்டர்டு டென்ங்கற காரோட இன்ஜினுங்கறாரு. பழைய இன்ஜினோட பிளாக் மாட்டுக் கொட்டகையில சாக்குல சுத்திக் கிடக்கு, நம்பர் தெளிவா இருக்கு. கூட வந்த ஒருத்தர், "ஆர்சில இருக்கிற நம்பரையே இப்ப மாட்டியிருக்கிற இன்ஜின்ல பஞ்ச் பண்ணிரலாம், யாருக்குத் தெரியப் போகுது"ன்னாரு.

ஓய்வு ஆய்வாளர்

அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஆளை மறுபடி ஷெட்டுக்குள் விடவும் வேண்டாம். எண்ணை அடித்து மாற்றுவது குற்றம். அதை விட முக்கியம், திருட்டு வண்டி என்ற சந்தேகம் ஒருமுறை வண்டி மேல் விழுந்தால் ஐம்பதாண்டுக் குடும்பச் சொத்து காவல் நிலைய வாசலில் வெயிலில் நிற்கும். என் பணிக்காலத்தில் அப்படி நின்று துருப்பிடித்த வண்டிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எண் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுமதியோடு, அவர்கள் சொல்லும் முறையில்தான் எதையும் செய்ய வேண்டும். இங்கே எதுவுமே தேயவில்லை.

இன்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன் கீழ் வரும். பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்று ஆர்சியில் புது எண்ணை ஏற்ற வேண்டும். அன்றே செய்திருக்க வேண்டும். இப்போதும் செய்யலாம், இன்ஜின் வாங்கியதற்கு ஏதேனும் ரசீது இருந்தால் தேடி வையுங்கள்.

கிளட்ச் கேபிள்

ஸ்டாண்டர்டு டென் இன்ஜினா? அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டுமே அதே 948 சிசி குடும்பம்தான். கம்பெனியும் ஒண்ணு. ஒரு ரத்தம். அந்தக் காலத்துல ஸ்டாண்டர்டு வொர்க்‌ஷாப்ல இத மாத்தி அத மாட்டுறது சகஜம்.

ஆனா விண்டேஜ் பதிவுக்கு வர்ற வண்டிகளைப் பாக்குற விஏ கமிட்டி என்ன சொல்லும்னுதான் தெரியல. விதில "சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின்ல மாற்றம் கூடாது, அசல் வடிவத்துல இருக்கணும்"னு இருக்கு. டாட்ஜ், பிளிமத் வண்டில மேட்டடார் டீசல் இன்ஜின் மாட்டி ஓட்டுனாங்களே, அதெல்லாம் சுத்தமா அவுட். அது ஞாயம்தான். ஆனா அதே கம்பெனி, அதே அளவு இன்ஜின், நம்பர் மட்டும் வேற. இதுவும் மாற்றமா?

ஓய்வு ஆய்வாளர்

கமிட்டி பார்க்கும்போது ஆர்சியில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதில் தவறினால் மற்ற வாதமெல்லாம் பிறகு. பிஸ்டன் மாற்றுவது, போர் எடுப்பது (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது), ஹெரால்டில் வழக்கமாகத் துருப்பிடிக்கும் சேசிஸ் பக்கக் கைகளை அதே அளவில் வெட்டி வெல்டு செய்வது, இவற்றைப் பழுதுபார்ப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன். வேறொருவர் வேறு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடும். விதியில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகப் போடப்படவில்லை. ஆகவே எந்த வேலை செய்தாலும் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை மைனர்

எனக்கென்னமோ பழைய பிளாக்கைத் திருப்பி மாட்டறதுதான் நல்லதுன்னு படுதுங்க. பிளாக் பிளவு விடாம இருந்தா ஸ்லீவ் போட்டு போர் எடுத்துக்கலாம். கோயம்புத்தூர்ல அந்த வேலைக்கு லேத்துக்காரங்க இன்னும் இருக்காங்க. ஜிடி கார் மியூசியத்தையும் ஒரு நடை பாத்துட்டுப் போங்க, பழைய வண்டிகள எப்படி வெச்சிருக்கோணும்னு தெரியும். அசல் இன்ஜின் ஏறிட்டா ஆர்சி அப்படியே செல்லும், பிரிவு 52 தொல்லையே இல்ல. நாளைக்கு விஏ வேணும்னாலும் கதவு திறந்தே இருக்கும். டென் இன்ஜினை கிரீஸ் தடவி சாக்குல சுத்தி வெச்சிருங்க, பார்ட்ஸுக்கு ஆகும்.

டெல்லி1100

இதுக்கு நானும் ஓட்டுப் போடுறேன். காப்பீட்டுலயும் இன்ஜின் நம்பர் வரும். அங்க ஒண்ணு, ஆர்சில ஒண்ணுன்னு இருந்தா க்ளெய்ம் வர்ற அன்னிக்கு அழுவோம்.

பத்மினி78

இன்னொரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கணும். கவர்மெண்ட் ஏலத்துல ஒரு பழைய மகிந்திரா ஜீப் வருதாம். எடுத்து ரெஸ்டோர் பண்ணி விஏ போடலாமா?

ஓய்வு ஆய்வாளர்

வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, அவை உடைப்பதற்கே போக வேண்டும். அதற்கு முன் முறையாக ஏலம் போய், தனியார் பெயரில் ஆர்சி மாறிய ஜீப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆர்சி இல்லாமல் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். அது ஜீப்புக்கு மட்டுமல்ல.

சிங்கை ரோவர்

ஒரு சந்தேகம். நான் ஊர் திரும்பும்போது என் 1973 ரோவரைக் கொண்டுவர முடியுமா? முன்பு 1950க்கு முன் செய்தவை மட்டும்தான் இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் இறக்கலாம் என்றார்களே?

கிளட்ச் கேபிள்

அது 2025ல மாறிடுச்சு. இப்ப 50 வருஷம் தாண்டின வண்டினு ஆயிடுச்சு, வருஷம் ஓட ஓட கணக்கும் கூடவே நகரும். நிபந்தனை எல்லாம் இருக்கு, அறிவிப்பை முழுசாப் படிச்சுப் பாத்துட்டு இறங்குங்க. சுங்க வரியைக் கேட்டா தலை சுத்தும், நான் சொல்ல மாட்டேன். வந்து சேர்ந்தா உங்களுக்குத்தான் அந்த விஏ பிளேட்டு. பில் ஆஃப் என்ட்ரி, அதான் சுங்கத்துல தர்ற இறக்குமதி ஆவணம், அது பத்திரம்!

தேவகோட்டை ஹெரால்டு

எல்லாருக்கும் நன்றி. வீட்ல பேசி முடிச்சாச்சு. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிச்சிருக்கோம், மலேசியா சித்தப்பா தூதரகத்துல நேரம் வாங்கிட்டாரு. பேரு மொதல்ல அப்பச்சிக்கு. பழைய பிளாக்கைக் கோவைக்கு அனுப்புறோம், பிளவு இருக்கான்னு பாத்து லேத்துக்காரர் சொல்வாரு. சரியா இருந்தா அதையே மாட்டி, சாதாரணப் புதுப்பிப்புக்குத்தான் போகப் போறேன். ஆயாவை அந்த வண்டில பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும். அது எந்த ரேலிலயும் வராது.

விஏ வேணாம்னு சொல்லல. அசல் இன்ஜினோட இருந்தா பத்து வருஷம் கழிச்சும் போட்டுக்கலாம்தானே?

கிளட்ச் கேபிள்

போட்டுக்கலாம். ஆனா அப்ப கட்டணம் இதே இருபதாயிரமா இருக்கும்னு கனவு காணாதீங்க. 600 ரூபா எங்க வந்து நிக்குது பாருங்க.

கோவை மைனர்

விடுங்க கேபிளு, அவரு முடிவு பண்ணிட்டாரு. தேவகோட்டைக்காரரே, பிளாக்கை லாரில போடறப்ப மரப்பெட்டி அடிச்சுப் போடுங்க. சிலிண்டர் ஹெட்டையும் கூடவே அனுப்புங்க, மட்டம் பாக்கோணும். வாட்டர் பம்ப் கிட் ஒண்ணு என்கிட்ட சும்மா கிடக்குது, தனிச்செய்தில முகவரி அனுப்புங்க.

ஓய்வு ஆய்வாளர்

ஒரு சிறு குறிப்பு. பேக்லாக் என்ட்ரி செய்யும்போது கணினியில் இன்ஜின் எண்ணை ஆர்சியைப் பார்த்து ஏற்றுவார்கள். பக்கத்தில் இருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பழைய கையெழுத்தில் 1ம் 7ம், 5ம் எஸ் எழுத்தும் ஒன்று போலவே இருக்கும். ஏறிய பிறகு திருத்த இன்னொரு விண்ணப்பம், இன்னொரு அலைச்சல்.